சாவி யார் கையில்?

(தொடர் கல்வி மையத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் இளைஞர் மன்றத்தைப் பற்றிப் பேசப் போகிறோம். "அது சின்னப் பிள்ளைகள் விஷயம். எங்களுக்கு என்ன?" என்று சிலர் நினைக்கலாம். மன்றத்துக்குப் போகிறவர்கள் பிள்ளைகள்தான். ஆனால் மன்றம் திறந்திருக்குமா, பூட்டிக் கிடக்குமா என்பது பஞ்சாயத்தின் முடிவைப் பொறுத்தது. அந்தப் பஞ்சாயத்தைக் கேள்வி கேட்கும் உரிமை நமக்கு இருக்கிறது. அதனால்தான் இதை உங்களிடம் பேசுகிறேன்.

மன்றம் எதற்கு?

மன்றம் என்றால் பெரிய கட்டடம் வேண்டியதில்லை. ஓர் அறை போதும். ஒரு விளக்கு, விரித்து உட்காரப் பாய், இரண்டு செய்தித்தாள், ஒரு கேரம் பலகை. வெளியே பந்து விளையாட ஒரு திடல்.

இந்தச் சின்ன இடத்தில் என்ன நடக்கும்? பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறிய பையன் வருவான். கல்லூரி முடித்த அண்ணன் அவனுக்குக் கணக்குச் சொல்லித் தருவான். செய்தித்தாளில் வேலை விளம்பரம் வரும். நான்கு பேர் சேர்ந்து படிப்பார்கள். விண்ணப்பத்தை எப்படி நிரப்புவது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வார்கள். ஊரில் யாருக்காவது ரத்தம் தேவைப்பட்டால் முதலில் ஓடுகிறவர்கள் இவர்கள். வெள்ளம் வந்தால் கயிறும் மூங்கிலும் எடுத்துக்கொண்டு வருகிறவர்களும் இவர்கள். ஒன்றாக ஆடிப் பழகியவர்கள்தான் ஒன்றாக வேலை செய்வார்கள்.

மன்றம் இல்லாத ஊரைப் பாருங்கள். நாள் முழுதும் வேலை செய்து களைத்த 17 வயதுப் பையன் மாலையில் எங்கே போவான்? வீட்டில் இருப்பது ஓர் அறை. அதில் ஐந்து பேர். அவன் டீக்கடை பெஞ்சுக்குப் போவான். பாலத்துச் சுவரில் உட்காருவான். சாராயம் குடிக்கிறவன் பக்கத்தில் வந்து உட்காருவான். பிறகு நடப்பது உங்களுக்கே தெரியும்.

பெண்பிள்ளை எங்கே போவாள்? அவளுக்கு அந்தப் பாலத்துச் சுவர்கூட இல்லை.

நம் நாட்டில் இளைஞர்கள் கொஞ்சப் பேர் இல்லை. 2014ஆம் ஆண்டின் தேசிய இளைஞர் கொள்கை 15 வயது முதல் 29 வயது வரை உள்ளவர்களை இளைஞர்கள் என்கிறது. மக்கள் தொகையில் இவர்கள் 100க்கு 27 பேருக்கும் மேல் என்று அந்தக் கொள்கை கணக்குச் சொல்கிறது. நான்கு பேரில் ஒருவருக்கு மாலையில் போய் உட்கார இடம் வேண்டாமா?

டெல்லியில் திட்டம், ஊரில் அறை

இளைஞர் மன்றங்களுக்கு ஒரு வரலாறு உண்டு. நாடு விடுதலை பெற்ற வெள்ளி விழா ஆண்டு 1972. அந்த ஆண்டில் மத்திய அரசு நேரு யுவ கேந்திரங்களைத் தொடங்கியது. 1987இல் அவற்றை ஒரு தன்னாட்சி அமைப்பின் கீழ் கொண்டு வந்தது. கிராமங்களில் இளைஞர் மன்றங்களையும் மகளிர் மன்றங்களையும் அமைக்க இந்தக் கேந்திரங்கள் உதவின. 2023 அக்டோபர் 31 அன்று "மேரா யுவ பாரத்" என்ற புதிய அமைப்பை மத்திய அரசு தொடங்கியது. "என் இளைய பாரதம்" என்பது அதன் பொருள். அதில் இளைஞர்கள் இணையம் வழியாகப் பெயரைப் பதிவு செய்கிறார்கள்.

டெல்லியில் திட்டத்தின் பெயர் மாறலாம். அமைப்பு மாறலாம். ஊரில் உள்ள அறை ஊரில்தான் இருக்கும். அதன் ஓடு உடைந்தால் யார் மாற்றுவது? விளக்கு எரியாவிட்டால் யாரிடம் சொல்வது? பஞ்சாயத்திடம்தான்.

பட்டியலில் ஒரு குறை

1993 ஏப்ரல் 24 அன்று 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. பஞ்சாயத்துக்கு அரசியல் சட்ட அந்தஸ்து கிடைத்தது அப்போதுதான். அந்தத் திருத்தத்தோடு ஒரு பட்டியலும் வந்தது. அதற்கு 11ஆவது அட்டவணை என்று பெயர். பஞ்சாயத்துகளிடம் மாநில அரசு ஒப்படைக்கக்கூடிய 29 துறைகள் அதில் உள்ளன. குடிநீர், சாலை, சுகாதாரம், கால்நடை, மீன் வளம் எல்லாம் இருக்கின்றன.

இந்தப் பட்டியலை ஒன்று முதல் 29 வரை விரல் வைத்துப் படித்துப் பாருங்கள். இளைஞர் நலம் என்று ஒரு வரி கிடையாது. விளையாட்டு என்று ஒரு வரி கிடையாது. நகரங்களுக்கு 12ஆவது அட்டவணை இருக்கிறது. அதில் 18 வேலைகள். அங்கே பூங்கா, தோட்டம், விளையாட்டுத் திடல் என்று தெளிவாக எழுதியிருக்கிறது. கிராமத்துப் பட்டியலில் அது இல்லை. கிராமத்தில்தான் வெட்டவெளி இருக்கிறதே என்று நினைத்தார்களோ என்னவோ! இன்று அந்த வெட்டவெளியிலும் பல இடங்களில் வேலி போட்டாயிற்று.

அதற்காக மனம் தளர வேண்டாம். பட்டியலில் 18ஆவது தொழிற்பயிற்சி. 19ஆவது வயது வந்தோர் கல்வி, முறைசாராக் கல்வி. 20ஆவது நூலகம். 21ஆவது கலை, பண்பாட்டு நடவடிக்கை. 29ஆவது ஊரின் பொதுச் சொத்துகளைப் பராமரிப்பது. இளைஞர் மன்றத்தில் நடக்கும் வேலைகளில் பெரும்பகுதி இந்த ஐந்துக்குள் அடங்கிவிடும். ஆகவே "பஞ்சாயத்துக்கும் மன்றத்துக்கும் சம்பந்தம் இல்லை" என்று யாரும் சொன்னால் இந்த ஐந்து எண்களைச் சொல்லுங்கள். 18, 19, 20, 21, 29.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். எந்த வேலையை எவ்வளவு ஒப்படைப்பது என்று முடிவு செய்வது மாநிலச் சட்டம். அது மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

மாற்றம் சத்தமில்லாமல் வரும்

"இன்று முதல் மன்றத்தை மூடுகிறோம்" என்று யாரும் தண்டோரா போடுவதில்லை. மாற்றம் மெதுவாக வரும். மூன்று வழிகளில் வரும்.

முதல் வழி, அறை கை மாறுவது. "ஒரு மாதத்துக்கு உர மூட்டை வைத்துக்கொள்கிறோம்" என்பார்கள். மாதம் ஆறு ஆகும். பிறகு சிமெண்ட் மூட்டை வரும். அதன் பிறகு பழைய நாற்காலிகள் வரும். கேரம் பலகை மூலையில் சாய்ந்து கிடக்கும். பிள்ளைகள் இரண்டு நாள் வந்து பார்ப்பார்கள். மூன்றாம் நாள் வரமாட்டார்கள். மூட்டை வைத்தவருக்குக் கெட்ட எண்ணம் இருந்திருக்காது. இடம் இல்லை, வைத்தார். ஆனால் திருப்பித் தரும் தேதியை யாரும் எழுதி வைக்கவில்லை.

இரண்டாவது வழி, திட்டம் முடிவது. இது நம் கல்வி இயக்கத்திலேயே நடந்தது. 2009 செப்டம்பர் 8 அன்று "சாக்ஷர் பாரத்" திட்டம் தொடங்கியது. திட்டம் நடந்த மாவட்டங்களில் கிராமப் பஞ்சாயத்துதோறும் மக்கள் கல்வி மையம் வைக்க ஏற்பாடு இருந்தது. அதை நடத்த இரண்டு ஊக்குநர்கள். அவர்களுக்கு மாதம் ஒரு சிறு தொகை. 2018 மார்ச்சில் திட்டம் முடிந்தது. தொகையும் நின்றது. மேலிருந்து வரும் பணத்தை மட்டும் நம்பிய மையம், அந்தப் பணம் நின்றால் எப்படி நடக்கும்? விளக்குக் கட்டணத்தையாவது ஊர் ஏற்றுக்கொண்டால்தான் கதவு திறந்திருக்கும்.

மூன்றாவது வழி, சாவி. கட்டடம் இருக்கும். விளக்கும் எரியும். சாவி மட்டும் ஒருவர் வீட்டில் இருக்கும். அவருக்குப் பிடித்த பிள்ளைகள் வந்தால் கதவு திறக்கும். அல்லது ஒரு கட்சிக் கொடி வாசலில் ஏறும். அந்தக் கட்சியில் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் வாசலிலேயே நின்றுவிடுவார்கள். பஞ்சாயத்துக் கணக்கில் "மன்றம் இயங்குகிறது" என்று இருக்கும்.

இந்த மூன்றுக்கும் ஒரே மருந்து, முடிவுகளை எல்லோர் முன்னாலும் பேசி எழுதி வைப்பது.

நல்ல மாற்றமும் உண்டு

பஞ்சாயத்து கை வைத்தால் எல்லாம் கெடும் என்று சொல்ல வரவில்லை. கர்நாடகத்தைப் பாருங்கள். அங்கே கிராமப் பஞ்சாயத்து நூலகங்கள் ஐயாயிரத்துக்கும் மேல் உள்ளன. 2019 வரை அவை பொது நூலகத் துறையிடம் இருந்தன. 2019இல் அவற்றை ஊரக வளர்ச்சி, பஞ்சாயத்து ராஜ் துறைக்கு மாற்றினார்கள். நூலகம் பஞ்சாயத்தின் பொறுப்புக்கு வந்தது.

பிறகு "ஓதுவ பெளகு" என்ற இயக்கம் வந்தது. "படிப்பின் ஒளி" என்று பொருள். 6 வயது முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளைக் கட்டணம் இல்லாமல் நூலகத்தில் சேர்த்தார்கள். பின்னால் இந்த நூலகங்களுக்கு "அரிவு கேந்திரம்" என்று பெயர் வைத்தார்கள். "அரிவு" என்பது நம் "அறிவு" என்ற சொல்லுக்கு உறவு.

அதே கர்நாடகத்தில் "மக்கள கிராம சபை" என்று ஒன்று உண்டு. கன்னடத்தில் "மக்கள" என்றால் "பிள்ளைகளின்" என்று பொருள். பஞ்சாயத்தார் ஆண்டுக்கு ஒரு முறை பிள்ளைகளைக் கூட்டி அவர்கள் குறையைக் கேட்க வேண்டும். பள்ளிக்குப் போகும் வழியில் விளக்கு இல்லை, கழிப்பறைக்குக் கதவு இல்லை என்று பிள்ளைகளே எழுந்து சொல்லலாம்.

கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியது. மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்குக் கொடுக்க முடிவு செய்தார்கள். கிராம சபையில் கூடி மக்கள் தேவைகளைச் சொன்னார்கள். அங்கே "கேரளோத்சவம்" என்ற இளைஞர் விழாவும் நடக்கிறது. முதல் போட்டி பஞ்சாயத்து அளவில்தான். ஓட்டம், பந்து, பாட்டு, நாடகம் எல்லாம் உண்டு. அதில் வென்றவர்கள் படிப்படியாக மாநிலப் போட்டி வரை போகலாம். அதற்கு ஊர் மன்றங்கள் தயாராகின்றன.

பொறுப்பு கை மாறும்போது கூடவே கேள்வி கேட்கும் ஆளும் இருந்தால் மாற்றம் நல்லதாக முடியும்.

"சாக்கடை முக்கியமா, கேரம் பலகை முக்கியமா?"

கிராம சபையில் மன்றத்தைப் பற்றிப் பேசினால் இந்தக் கேள்வி வரும். கேட்பவர் பஞ்சாயத்துத் தலைவராக இருக்கலாம். பக்கத்து வீட்டுப் பெரியவராகவும் இருக்கலாம். இதற்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்.

பஞ்சாயத்துப் பணம் எல்லாம் ஒரே பையில் இல்லை. 15ஆவது நிதிக் குழு 2021 முதல் 2026 வரை கிராமப் பஞ்சாயத்துகளுக்குக் கொடுத்த மானியத்தைப் பாருங்கள். அதில் 100 ரூபாய்க்கு 30 ரூபாய் குடிநீருக்கு. 30 ரூபாய் சுகாதாரத்துக்கு. இந்த 60 ரூபாயை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது என்று விதி இருந்தது. மீதி 40 ரூபாய் ஊரின் மற்றத் தேவைகளுக்கு. அதைச் சம்பளத்துக்கு எடுக்கக் கூடாது என்று விதி இருந்தது.

இதில் நமக்கு இரண்டு செய்தி இருக்கிறது. ஒன்று, துப்புரவுக்கு ஒதுக்கிய பணம் தனியாக இருந்தது. மன்றத்தின் கூரையை ஒட்டுப் போட்டதால் சாக்கடை வேலை நின்றுபோகாது. இரண்டு, இப்படிப்பட்ட மானியத்தில் கூரை போடலாம், மன்றத்தைத் திறந்து மூடும் ஆளுக்குச் சம்பளம் தர முடியாது. அந்த ஆளுக்கு வேறு வழி தேட வேண்டும். பஞ்சாயத்தின் சொந்த வருமானம் இருக்கிறது. வீட்டு வரி, சந்தைக் குத்தகை போன்றவை. அல்லது மன்றத்தாரே முறை வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் பாருங்கள். கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு போன்ற மாநிலங்களில் வீட்டு வரியோடு நூலக வரியும் வாங்கச் சட்டம் இருக்கிறது. கர்நாடகத்தில் 100 ரூபாய் வரிக்கு 6 ரூபாய். கேரளத்தில் 5 ரூபாய். வீட்டுக்குப் போனதும் வரி ரசீதை எடுத்து வரி வரியாகப் படியுங்கள். நூலக வரி என்று இருந்தால் அது நீங்கள் கொடுத்த பணம். படிப்பறைக்காகக் கேட்பது பிச்சை ஆகாது.

யாருக்கெல்லாம் கதவு திறக்கும்?

மன்றம் பொதுவானது என்கிறோம். உண்மையிலேயே பொதுவா? கட்டடம் எந்தத் தெருவில் இருக்கிறது? எல்லாத் தெருப் பிள்ளைகளும் உள்ளே வந்து ஒரே பாயில் உட்காருகிறார்களா? அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 15ஆவது பிரிவு இன்னொன்று சொல்கிறது. அரசுப் பணத்தில் நடக்கும் பொது இடங்களுக்குள் வருபவரைச் சாதி, மதம் சொல்லித் தடுக்கக் கூடாது. ஊர்ப் பணத்தில் நடக்கும் மன்றத்தில் ஒரு பிள்ளை வாசலில் நின்றாலும் அது எல்லோர் தலையிலும் விழும் பழி.

பெண்பிள்ளைகள் வருகிறார்களா? "கதவு திறந்துதானே இருக்கிறது. அவர்கள் வரவில்லை" என்று சொல்வது எளிது. எப்போது திறக்கிறது? இரவு ஏழு மணிக்கா? அந்த நேரத்தில் எந்தத் தாய் மகளை அனுப்புவாள்? மாலை நான்கு முதல் ஆறு வரை பெண்பிள்ளைகளுக்கு என்று ஒதுக்குங்கள். வழியில் விளக்குப் போடுங்கள். அருகில் கழிப்பறை இருக்கட்டும். மன்றத்தின் செயற்குழுவில் அவர்களும் இருக்கட்டும். பஞ்சாயத்தில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இடம் வேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்கிறது. பல மாநிலங்களில் அது பாதியாகிவிட்டது. பஞ்சாயத்தில் உட்காரும் அம்மாவின் மகள் மன்றத்தில் உட்காரக் கூடாதா?

கிராம சபையில் என்ன கேட்பது?

18 வயது ஆனவர்களுக்கு ஓட்டு உண்டு. 1989க்கு முன் அது 21 வயதாக இருந்தது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபை உறுப்பினர்கள். 15, 16, 17 வயதுப் பிள்ளைகளுக்கு அந்த இடம் இல்லை. மன்றம் அவர்களுக்குத்தான் மிகவும் தேவை. ஆனால் அவர்கள் கை தூக்க முடியாது. அவர்களுக்காகக் கை தூக்க வேண்டியவர்கள் தாயும் தகப்பனும்தான்.

பல மாநிலங்களில் ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 போன்ற நாட்களில் கிராம சபை கூடும். அக்டோபர் 2 முக்கியமானது. 2018 முதல் அந்த நாளை ஒட்டி அடுத்த ஆண்டுத் திட்டம் தயாரிக்கும் இயக்கம் தொடங்கியது. அங்கே ஐந்து கேள்விகள் கேளுங்கள்.

1. மன்றத்தின் அறையும் திடலும் யார் சொத்து? எந்தப் பதிவேட்டில் எழுதியிருக்கிறது?

2. சாவி யாரிடம் இருக்கும்? எத்தனை மணிக்குத் திறந்து எத்தனை மணிக்கு மூடுவார்கள்?

3. மின் கட்டணத்தையும் பழுதுச் செலவையும் எந்தக் கணக்கில் கட்டுவீர்கள்?

4. பெண்பிள்ளைகளுக்கு எந்த நேரம்? எந்தப் பாதுகாப்பு?

5. அறையை வேறு வேலைக்கு எடுத்தால் மாற்று இடம் எது? எந்தத் தேதியில் திருப்பித் தருவீர்கள்?

வாயால் சொல்லும் பதில் காற்றோடு போய்விடும். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதோடு விடாதீர்கள். புத்தகத்தை வாங்கி நீங்களே படியுங்கள். முன்பு நம்மில் பலர் கைநாட்டு வைத்துவிட்டு வந்தோம். மேலே என்ன எழுதியிருந்தது என்று தெரியாது. இன்று நமக்கு எழுத்துத் தெரியும். படிக்காத தீர்மானத்தின் கீழ் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் போடாதீர்கள்.

பதில் கிடைக்காவிட்டால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. மன்றத்துக்கு எவ்வளவு பணம் வந்தது, எதற்குச் செலவானது என்று எழுதிக் கேட்கலாம். 30 நாளுக்குள் பதில் தர வேண்டும்.

பிள்ளைகளுக்கும் கடமை உண்டு

தம்பி தங்கைகளே, உங்களுக்கும் சில வார்த்தை. மன்றத்தை முறையாகப் பதிவு செய்யுங்கள். 1860ஆம் ஆண்டின் சங்கப் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம். சில மாநிலங்களில் இதற்குத் தனிச் சட்டம் உண்டு. பதிவு இருந்தால் வங்கியில் மன்றத்தின் பெயரில் கணக்குத் தொடங்கலாம். பஞ்சாயத்தோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்யலாம். வரவு செலவை மாதம் ஒரு முறை வாசலில் ஒட்டுங்கள். பத்து ரூபாய் வரவையும் எழுதுங்கள். உங்கள் கணக்கு நேராக இருந்தால்தான் பஞ்சாயத்தின் கணக்கைக் கேட்க முடியும்.

பெரியோர்களே, ஒரு சாவி சின்னப் பொருள்தான். ஆனால் அது ஒருவர் இடுப்பில் தொங்கினால் மன்றம் அவருடையது. எழுதிய முறைப்படி கை மாறினால் மன்றம் ஊருடையது. அடுத்த கிராம சபை என்றைக்கு என்று இன்றே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஐந்து கேள்விகளையும் உங்கள் கையால் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.



பேசிப் பாருங்கள்

1. உங்கள் ஊரில் இளைஞர்கள் கூடும் இடம் எது? அங்கே பெண்பிள்ளைகள் வருகிறார்களா?

2. உங்கள் ஊரில் முன்பு இருந்து இப்போது பூட்டிக் கிடக்கும் பொது அறை உண்டா? அது எப்படிப் பூட்டப்பட்டது?

3. உங்கள் வீட்டு வரி ரசீதைப் படியுங்கள். அதில் என்னென்ன வரிகள் உள்ளன?

4. மன்றத்துக்காகக் கிராம சபையில் கொடுக்க ஒரு மனு எழுதுங்கள். ஐந்து வரி போதும்.